இடக்கையைக் கட்டிய கதை

இந்தப் பதிவை வலது கையின் ஒற்றை விரலால் தட்டியிருக்கிறேன். மூன்று நாள் ஆயிற்று. பிழை இருந்தால் பழைய மாணவர்கள் சிவப்பு மை எடுக்கலாம். உங்களுக்கும் ஒரு வாய்ப்பு.

போன ஆடியில் ஒரு விடிகாலை, காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. வாய் கோணி, வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. "வாயுப் பிடிப்புதான், எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும்" என்று ஒருவர் சொல்ல, அதிலேயே பொழுது போனது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டுமாம். மீஞ்சூரிலிருந்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அது தாண்டியிருந்தது. (நீங்களாவது உடனே 108-ஐ அழையுங்கள்.)

செத்த மூளைச் செல் திரும்பாது. ஆனால் மீந்திருக்கும் செல்கள் புது இணைப்பு போட்டு அந்த வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். கேட்டால்தான் கற்கும், அதுதான் சிக்கல். வலக்கை அசையாத நாட்களில் பிசியோதெரபிஸ்ட் நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தி, இடக்கையை அசைக்கச் சொன்னார். கண்ணாடியில் வலக்கையே அசைவதுபோல் தெரியும். இந்த வித்தையைக் கண்டவர் நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன். கை இழந்தவர்களின் வலிக்காகத் தொடங்கியது. பக்கவாதக்காரர்கள் 9 பேரிடம் அவர் குழு சோதித்தது 1999-இல் லான்செட் இதழில் வந்தது.

விரல் லேசாக அசைந்ததும் வேறு வம்பு வந்தது, அன்பின் வடிவில். "நீங்க சும்மா இருங்க" என்று துணைவியார் ஊட்டிவிடுவார். மிச்சத்தை இடக்கை பார்த்துக்கொண்டது. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளிடம் கண்டதும் இதுவே. ஒரு கை உணர்விழந்தால், சில தடவை முயன்று தோற்று, அந்தக் கையையே குரங்கு விட்டுவிடும். நல்ல கையைக் கட்டினால் மறுபடி எடுக்கும்.

அப்படித்தான் என் இடக்கைக்கும் தினமும் சில மணி நேரம் துணிக்கட்டு. முதல் வாரம் சோறெல்லாம் சட்டையில். துணைவியார் அடுக்களைக்குப் போய் அழுதது எனக்குக் கேட்டது.

இந்த நேரத்தில்தான் பழவேற்காட்டிலிருந்து என் மாணவன் வந்தான். நான்காம் வகுப்பில் இடக்கையால் எழுதினான் என்று ஸ்கேலால் அடித்து வலக்கைக்கு மாற்றினேனே, அவன். இன்றும் வலையை இடக்கையால்தான் முடிகிறான். என் கட்டைப் பார்த்துச் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. கிழிந்த வலைத்துண்டு ஒன்றையும் ஊசியையும் என் மடியில் வைத்தான்.

"எங்க முகத்துவாரம் மண்ணடிச்சா ஒரு தடவ வெட்டி வுட்டா நிக்காது சார். வெட்டிக்கினே இருக்கணும்."

"அன்னிக்கு உன்னை அடிச்சது தப்புப்பா" என்றேன். "அது கிடக்கட்டும் சார், ஊசியப் புடிங்க" என்றான்.

வாரா வாரம் வருகிறான். நேற்று 11 முடிச்சு போட்டிருந்தேன். இழுத்துப் பார்த்தான், 4 அவிழ்ந்தது.

"இது நிக்காது சார். மறுபடி போடுங்க."