பேராவூரணியில் ஒரு விண்வெளிக் கணக்கு

பேராவூரணி என்றதும் பலருக்கும் தென்னந்தோப்புதான் ஞாபகத்துக்கு வரும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனதையும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆனால், வாசகர்களே, இங்கே நெல்லும் விளைகிறது! மேட்டூர் அணை திறந்த 1934-ஆம் ஆண்டை ஒட்டி வந்தது கல்லணைக் கால்வாய். ஊராருக்கு அது 'புது ஆறு'. கல்லணையில் துள்ளிக் குதித்துப் புறப்படும் தண்ணீர், இங்கே வந்து சேருவதற்குள் களைத்துப் போய்விடுகிறது. ஆகவே கடைமடைக்காரருக்கு ஒவ்வொரு கதிரும் தங்கம்.

அந்தத் தங்கத்துக்கு ஒரு திருடன் உண்டு. எலிதான்!

ரயிலில் வரும்போது 'ஸ்டார் ட்ரெக்' என்னும் பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஓர் அத்தியாயத்தைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு வந்தேன். டேவிட் ஜெரோல்ட் எழுதி, 1967 டிசம்பர் 29-இல் ஒளிபரப்பானது. விண்வெளி நிலையம் ஒன்றில் தானியக் கிடங்கு. குடியேற்றக் கிரகம் ஒன்றுக்குப் போகவேண்டிய கோதுமை இனத் தானியம் அதில் இருக்கிறது. ஒரு வியாபாரி 'ட்ரிபிள்' என்ற பிராணியைக் கொண்டு வருகிறான். பார்வைக்கு உரோமப் பந்து. மடியில் வைத்தால் பூனைபோல் குறுகுறுக்கும். தின்பதும் குட்டி போடுவதுமே அதன் உத்தியோகம். கூர்க்காது ஸ்பாக் கணக்குப் போடுகிறார்: ஒரே பிராணி, பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை பத்துக் குட்டி வீதம், மூன்று நாளில் 17,71,561!

டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் அசரவில்லை.

"நம்ம எலிக்கு மூணு வாரம் ஆகும் தம்பி. அம்புட்டுத்தான் வித்தியாசம். வாங்க, வயலைக் காட்டுறேன்" என்றார்.

வரப்பெல்லாம் வளைகள். தின்பது போதாதென்று கதிரை அறுத்து உள்ளே சேமித்தும் வைக்குமாம். வளைகளுக்கு அருகில் தஞ்சாவூர்க் கிட்டிகள் இருந்தன. மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டி, இரை வைத்த பொறி. மாலையில் வைத்து, காலையில் எடுக்கிறார்கள். வயல் நடுவே தென்னை மட்டைகள் நட்டிருந்தன.

"இது எதற்கு ஐயா?"

"ராத்திரிக் காவக்காரருக்கு நாற்காலி. கூகை வந்து உக்காரும். எலியைப் பாத்துப் பாஞ்சிடும். கூலி கேக்காது!"

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் நானும் அவசரப்பட்டு விஷம் வெச்சேன். எலி செத்துது. நாலு நாள் கழிச்சுத் தோப்போரம் கூகை ஒண்ணு செத்துக் கிடந்துச்சு. விஷம் தின்ன எலியை அது தின்னிருக்கு. அடுத்த போகத்துல எலி திரும்பி வந்துடுச்சு. கூகைதான் வரல."

எனக்குத் திடுக்கென்றது. அந்தக் கதையின் முடிவும் இதுதானே! கப்பல் தலைவர் கிடங்கைத் திறக்கிறார். ட்ரிபிள்கள் மழையாய்த் தலையில் கொட்டுகின்றன. பல செத்துக் கிடக்கின்றன. அப்போதுதான் தானியத்தில் எதிரி நஞ்சு கலந்திருப்பது தெரிகிறது. செத்த பிராணி மனிதரைக் காப்பாற்றுகிறது.

அதைச் சொன்னதும் பெரியவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார்.

"அங்கே எதிரி கலந்தான். இங்கே நானே வெச்சேன், தம்பி" என்றார்.

பொழுது சாய்ந்தது. கிட்டிகளைச் சரிபார்த்தபடி அவர் வரப்பில் நடந்தார். நட்டிருந்த மட்டைகளில் ஒன்றின் மேல் வெள்ளையாக ஏதோ வந்து உட்கார்ந்தது. பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். ரயிலுக்கு நேரமாகியும், இருவரும் அசையாமல் நின்றோம்.