உவர்க் கிணற்றுத் தெருவில் ஒரு காலை

பழைய தில்லியின் சாந்தினி சௌக் வீதி மேற்கே சென்று முடியும் இடத்தில் பதேபுரி மசூதி நிற்கிறது. ஷாஜஹானின் மனைவியருள் ஒருவரான பதேபுரி பேகம் 1650-ஆம் ஆண்டில் எழுப்பிய செந்நிறக் கட்டடம் அது. அதன் அருகிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் தெருவுக்குக் காரி பாவோலி என்று பெயர். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நம்மவர்க்கு மிளகாய்க் காரமே நினைவுக்கு வரும். ஆனால் இங்கே ‘காரி’ என்பது உவர்ப்பு. ‘பாவோலி’ என்பது படிக்கிணறு. சூர் வமிசத்து இஸ்லாம் ஷாவின் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கு ஓர் உவர்நீர்க் கிணறு வெட்டப்பட்டது. கிணறு மறைந்து போயிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. உவர்நீர் ஊறிய இடத்தில் இன்று உப்பும் புளிப்பும் காரமும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடக்கின்றன.

அயலூரில் குடித்தனம் நடத்தும் நம் வீடுகளில் சாம்பார்ப் பொடிக்கும் பருப்புப் பொடிக்கும் பஞ்சமில்லை. ஊரிலிருந்து வரும் உறவினர் எவரேனும் டப்பாக்களில் அடைத்துக் கொண்டு வந்துவிடுகின்றனர். ஆயினும் நம் சாப்பாட்டுத் தட்டில் ஒரு புதிய பண்டம் இடம் பிடித்திருக்கிறது. வெள்ளரியும் வெங்காயமும் தக்காளியும் முள்ளங்கியும் நறுக்கிக் கலந்த சாலட்தான் அது. வடக்கே இதனைக் கச்சும்பர் என்பர். நம் கோசுமல்லிக்கு இது நெருங்கிய உறவு. குழந்தைகள் இதை வெறுமனே தின்ன மறுக்கின்றனர். கடையில் விற்கும் பொடியோ குழம்போ மேலே வேண்டும் என்கின்றனர். அவற்றின் உறையைப் படித்துப் பார்த்தால், உப்பும் சர்க்கரையும் முன்வரிசையில் நிற்பதைப் பல முறை காணலாம். நம் அஞ்சறைப் பெட்டியின் துணை கொண்டே இப்பொடியை வீட்டில் செய்துகொள்ள இயலாதா? இவ்வினாவுடனேயே நாம் அத்தெருவுக்குப் புறப்பட்டோம்.

மெட்ரோ ரயிலில் சாந்தினி சௌக் நிலையத்தில் இறங்கி மேற்கே நடப்பது எளிது. 2021-ஆம் ஆண்டில் அவ்வீதி செப்பனிடப்பட்ட பிறகு பகல் வேளையில் மோட்டார் வண்டிகளின் தொல்லை குறைந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். ஆதலின் மற்ற நாளில் செல்வதே நலம். காரி பாவோலிக்குள் நுழைந்ததும் நம்மை முதலில் வரவேற்பது தும்மல். தலையில் மூட்டை சுமந்தும் கைவண்டி தள்ளியும் விரைகின்ற தொழிலாளர் வழி விடும்படி குரல் கொடுத்த வண்ணம் செல்கின்றனர். கடோடியா மார்க்கெட் என்னும் பழைய கட்டடத்தின் முற்றத்தில் மிளகாய் மூட்டைகள் பிரிக்கப்படும் நேரத்தில், கைக்குட்டை இல்லாமல் அங்கு நிற்க முடியாது. நாள் முழுவதும் அக்காற்றையே சுவாசித்து உழைப்பவர்களை எண்ணும்போது, நாம் வாங்கும் ஒரு பிடி மிளகாயின் விலை வேறாகத் தோன்றுகிறது.

கடைகளின் முன்னே குவிந்திருப்பவற்றுள் பாதி நமக்குப் பழைய நண்பர்கள். போடிநாயக்கனூர் ஏலத்தில் விற்கும் ஏலக்காயும், ஈரோட்டுச் சந்தையின் மஞ்சளும், குண்டூர் மிளகாயும், குஜராத்தின் ஊஞ்சா சந்தைக்குப் பெயர் தந்த சீரகமும் இங்கே அக்கம்பக்கமாக அமர்ந்திருக்கின்றன. நாம் பிழைப்பு நாடி வடக்கே வந்ததற்கு நெடுங்காலம் முன்பே நம் சரக்குகள் இங்கே குடியேறிவிட்டன என்று சொல்லத் தோன்றுகிறது.

நமக்குப் புதியவை மூன்று. முதலாவது ஆம்சூர்: முதிராத மாங்காயைச் சீவி வெயிலில் உலர்த்தி இடித்த பொடி. புளிக்குப் பதிலாக வடநாட்டார் இதனைப் பெரிதும் கையாளுகின்றனர். இரண்டாவது அனார்தானா: புளிப்பு மாதுளையின் உலர்ந்த விதை. மூன்றாவது காலா நமக் எனப்படும் கறுப்பு உப்பு. கல்லாக இருக்கையில் கருஞ்சிவப்பு; பொடித்தால் இளஞ்சிவப்பு. அதிலுள்ள கந்தகச் சேர்மங்களால் அவித்த முட்டையின் வாடை வீசும். முதல் முறை மோந்தவர் முகம் சுளிப்பர். வெள்ளரித் துண்டின் மேல் தூவித் தின்ற பின் மேலும் கேட்பர்.

பெருங்காயக் கடையிலும் சிறிது நேரம் நின்றோம். ஈரான், ஆப்கானிஸ்தானம் முதலிய நாடுகளில் விளையும் ஒரு செடியின் வேரிலிருந்து வடியும் பாலே பெருங்காயம். நம் நாட்டில் அதனை மாவும் கோந்தும் சேர்த்துக் கூட்டுப் பெருங்காயமாகச் செய்கின்றனர். உத்தரப் பிரதேசத்து ஹாத்ரஸ் இத்தொழிலுக்குப் பேர் பெற்றது. 2020-ஆம் ஆண்டில் இமாசலத்தின் லாஹுல் பள்ளத்தாக்கில் இச்செடியைப் பயிரிடும் முயற்சி தொடங்கியது. தமிழரின் ரசத்துக்கு மணம் தரும் இப்பொருள் பெரும்பாலும் அயல்நாட்டு மண்ணில் விளைவதே என்பதை எண்ணினால், எது சொந்தச் சமையல், எது அயற் சமையல் என்ற வழக்கே சற்று அடங்கிப் போகிறது.

இனிப் பொடி செய்யும் முறை. சீரகம் 4 தேக்கரண்டி, கொத்தமல்லி விதை 2, மிளகு 1, ஓமம் அரை. இவற்றைத் தனித்தனியே வெறும் வாணலியில் இளந்தீயில் வறுத்தல் வேண்டும். ஒன்றாக இட்டால் மல்லி சிவப்பதற்குள் சீரகம் கரிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே பொடித்தல் வேண்டும். சூட்டோடு பொடித்தால் ஆவி தங்கிப் பொடி கட்டி தட்டும். பின்னர் ஆம்சூர் 4 தேக்கரண்டி, கறுப்பு உப்பு 2, சுக்குப் பொடி அரை, பெருங்காயம் ஒரு சிட்டிகை, நிழலில் உலர்த்திய புதினா இலைத் தூள் 2 தேக்கரண்டி சேர்த்துச் சலிக்கலாம். உப்பையும் ஆம்சூரையும் வறுத்தல் ஆகாது. ஈரமற்ற கண்ணாடிப் புட்டியில் அடைத்து வெளிச்சம் படாத இடத்தில் வைத்தால் இரண்டு மாதம் மணம் குன்றாது.

நம் வீட்டுச் சரக்கைக் கொண்டே மற்றொரு பொடியும் செய்யலாம். வறுத்த எள் 3 தேக்கரண்டி, உலர்த்திய கறிவேப்பிலை ஒரு கைப்பிடி, மிளகு 1 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. இவற்றைக் கொரகொரப்பாகப் பொடித்து வைத்துக் கொள்க. வேண்டும்போது அரைத் தேக்கரண்டி கடுகுத் தூளைக் குளிர்ந்த நீரில் குழைத்துப் பத்து நிமிடம் விடுக. நீர் பட்ட பின்னரே கடுகின் காரம் எழும். எலுமிச்சைச் சாற்றை முதலிலேயே விட்டால் அக்காரம் முழுமையாக எழாது. பிறகு சாறும் நல்லெண்ணெயும் சேர்த்து அடித்தால், கடுகு இவ்விரண்டையும் பிரியாமல் சிறிது நேரம் பிணைத்து வைக்கும். இதில் அந்தப் பொடியைக் கலந்து காய்கறிமேல் ஊற்றலாம்.

எப்பொடியாயினும் உண்ணும் தறுவாயிலேயே தூவுதல் வேண்டும். உப்பு பட்டதும் வெள்ளரி நீர் விட்டுத் துவண்டு போகும். கறுப்பு உப்பு உடலுக்கு நல்லது, எவ்வளவும் உண்ணலாம் என்று சிலர் கருதுகின்றனர். அதுவும் பெரும்பாலும் சாதாரண உப்பே. வளர்ந்தவர் ஒருவருக்கு எல்லா வகையிலும் சேர்த்து நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே தகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரத்த அழுத்தமுள்ள முதியோர் இருக்கும் இல்லங்களில் உப்பைக் குறைத்து ஆம்சூரைக் கூட்டுக. புளிப்பு ஓங்கினால் உப்பின் குறை நாவுக்குத் தெரிவதில்லை.

முழுச் சரக்காக வாங்குவதில் இன்னொரு நன்மை உண்டு: கலப்படத்தைக் கண்டுகொள்ளலாம். மிளகை நீரில் இட்டால் நல்ல மிளகு அடியில் தங்கும். பப்பாளி விதை மிதக்கும். சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்துக் கை கறுத்தால் அதை வாங்க வேண்டாம். பொடியாக வாங்கினால் இச்சோதனைக்கு இடமில்லை.

யாவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. ஊரில் பாட்டியும் அத்தையும் கைப்பக்குவத்தால் செய்தார்கள். அருகிருந்து பார்த்தே அடுத்த தலைமுறை கற்றது. நம் பிள்ளைகளுக்கு அப்பாட்டியின் அடுக்களை ஆண்டுக்கு ஒரு முறை விடுமுறையில்தான் கிட்டுகிறது. ஆதலின் நம் வீட்டு அளவுகளை எழுதி வைத்தல் நம் கடமையாகிறது. விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கும், தனியே வேலை பார்க்கும் மகனுக்கும் ஒரு சிறு புட்டியோடு ஒரு தாளையும் கொடுத்தனுப்பினால், புட்டி தீர்ந்த பின்னும் தாள் இருக்கும்.

மும்பையில் லால்பாக், கல்கத்தாவில் படாபஜார், ஐதராபாத்தில் பேகம் பஜார் என்று நம்மவர் வாழும் நகர்தோறும் இத்தகைய கடைவீதி ஒன்று உண்டு. அவ்வூர் அன்பர்களும் தத்தம் வீதிக்குச் சென்று பார்த்து, தங்கள் வீட்டுப் பொடியின் அளவுகளை நம் இதழுக்கு எழுதி அனுப்புவார்களாக.