காற்றுப் பெருந்தீனிக்காரி

கடலுக்கடியில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். வாயில் ரெகுலேட்டரைக் கவ்விக்கொண்டு எப்படிப் பொய் சொல்வது என்று கேட்பீர்கள். கையால்தான். டைவ் மாஸ்டர் திரும்பிப் பார்த்து, காற்று எவ்வளவு இருக்கிறது என்று சைகையில் கேட்பார். ஒரு கையை நிமிர்த்தி அதன் உச்சியில் இன்னொரு கையைப் படுக்கவைத்துக் காட்டினால் பாதி சிலிண்டர், அதாவது 100 பார் மிச்சம் என்று பொருள். என் மீட்டரில் முள் 70ஐ நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும். நான் கூசாமல் 100 காட்டுவேன்.

ஸ்கூபா பழகாதவர்களுக்கு இது ஏன் மானப் பிரச்சினை என்று புரியாது. ஒருவருக்குக் காற்று குறைந்தால் உடன் வந்தவரும், சில சமயம் குழு முழுவதும், மேலே வந்தாக வேண்டும். பந்தியில் மற்றவர்கள் ரசம் சாதத்துக்குக் காத்திருக்கும்போது இலையை மூடிவிட்டு எழுந்திருப்பது மாதிரி. பணம் கட்டி, விடியற்காலையில் எழுந்து, படகில் குமட்டலைச் சகித்து வந்தவர்கள் என்னால் பாதியில் எழுந்திருக்கிறார்கள்.

கணக்கும் எனக்கு எதிராகத்தான் இருக்கிறது. இங்கே வழக்கமாகக் கொடுக்கும் அலுமினிய சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர் சொச்சம். 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் சுமார் 2,200 லிட்டர் காற்று. கரையில் நிமிடத்துக்கு 14 லிட்டர் இழுக்கும் நிதானமான ஆள், 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு அழுத்தத்தில் 42 லிட்டர் இழுப்பார். 50 பாரை இருப்பாக விட்டால் 40 நிமிடம் தாங்கும். நான் 25 லிட்டர் இழுக்கிற ஜாதி. எனக்கு 22 நிமிடம். பெண்களுக்குக் காற்று குறைவாகத்தான் செலவாகும் என்று டைவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையையும் கெடுத்தவள் நான்.

படகேறியதும் சமாதானங்கள் கைவசம் இருக்கும். "எனக்கு நுரையீரல் கொஞ்சம் பெரிசு" என்பேன். நீரோட்டம் இழுத்தது என்பேன். ஒருமுறை இதையெல்லாம் தாண்டி, சிலிண்டரிலேயே காற்று சரியாக அடைக்கவில்லை, ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் வேறு கசிகிறது என்று சொல்லிவிட்டேன். கம்ப்ரெசரைப் பார்த்துக்கொண்டவன் பக்கத்து மீனவக் குப்பத்துப் பையன். முதலாளி எல்லார் முன்னாலும் அவனைத் திட்டினார். "அக்கா, 200தான் அடிச்சேன்" என்று என்னிடம் சொன்னான். அப்புறம் அந்த சிலிண்டரில் ரெகுலேட்டரை மாட்டி, வால்வைத் திறந்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் காட்டினான். ஒரு குமிழ்கூட வரவில்லை. நான் வெட்சூட்டின் ஜிப்போடு போராடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இந்தப் பெருந்தீனிக்கு என் பழக்கங்களும் உடந்தை. தண்ணீருக்குள் பாட்டு முனகுவேன். பெரும்பாலும் எண்பதுகளின் இளையராஜா. ரெகுலேட்டர் வழியாக வருவதால் சொல் எதுவும் தேறாது, மெட்டு மட்டும் தேறும். தண்ணீரில் ஒலி காற்றைவிட நாலு மடங்குக்கும் மேல் வேகமாகப் போவதால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது. என்னால் டைவ் மாஸ்டர்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்ததுண்டு. நானும் அவர்களோடு சேர்ந்து சுற்றிப் பார்ப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வாடகை வெட்சூட்டுக்குள் சிறுநீர் கழிப்பேன். எல்லா டைவர்களும் செய்வதுதான், ஒப்புக்கொள்பவர்கள் குறைவு. நீரில் இறங்கியதும் கைகால்களிலிருந்து இரத்தம் நெஞ்சுப் பக்கம் தள்ளப்படுகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டதாக எண்ணிச் சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடும். அறிவியல் என் பக்கம். ஆனால் அதே நான், மாஸ்க் கண்ணாடியில் பனி படியாமலிருக்க எச்சில் துப்பித் தடவுபவர்களைப் பார்த்து முகம் சுளிப்பேன். குழந்தைகள் ஷாம்பு ஒரு சின்னப் புட்டியில் தனியாகக் கொண்டுபோகிறேன். இந்தச் சுத்தபத்தத்தின் லட்சணத்தை நீங்களே சொல்லுங்கள்.

ஆழம் எனக்குப் பிடிக்காது. இதைப் படகில் சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அந்தமானின் ஹேவ்லாக்கில் (2018 முதல் அதன் பெயர் சுவராஜ் தீவு) ஆழமான டிக்சன்ஸ் பினக்கிளுக்குப் போகலாமா, நீமோ ரீஃபுக்குப் போகலாமா என்று கேட்டால், முதல்முறை இறங்குபவர்களை அழைத்துப்போகும் நீமோவைத்தான் கேட்பேன். சிவப்பு நிறம் முதல் ஐந்து, பத்து மீட்டருக்குள்ளேயே மங்கிப்போய்விடுகிறது. கீழே கையில் கீறல் விழுந்தால் இரத்தம் பச்சையாகத் தெரியும். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிக்கு வெயில் வேண்டும் என்பதால் பவளப்பாறையின் செழிப்பும் மேல்மட்டத்தில்தான். மணலில் வளை தோண்டும் ஒரு சின்ன இறால் இருக்கிறது, கண் சரியாகத் தெரியாது. வாசலில் ஒரு கோபி மீன் காவல் நிற்கும். இறால் தன் மீசையை மீன்மேல் வைத்தபடியே மண் அள்ளிக் கொட்டும். ஆபத்து என்றால் மீன் வாலைச் சிலுப்பும், இரண்டும் உள்ளே போய்விடும். இதைப் பார்க்க எட்டு மீட்டர் போதும். திமிங்கலச் சுறா வந்த நாளில்கூட நான் இந்த வளையருகேதான் கிடந்தேன், அது போனதைப் படகில் சொல்லித்தான் தெரிந்தது. வருத்தமில்லை.

மூழ்கிய கப்பல்களும் வேண்டாம். மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீட்டருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கரையில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார எனக்கு மனம் வராது. கப்பல் இப்போது மீன்களின் வீடு என்று நண்பர்கள் வாதிடுவார்கள். இருக்கட்டும், மீன்கள் போகட்டும்.

இதெல்லாம் கொள்கை மாதிரி கேட்கிறது இல்லையா? இங்கேதான் உண்மையைச் சொல்ல வேண்டும். 20 மீட்டரில் 22 நிமிடம் வரும் சிலிண்டர், எட்டு மீட்டரில் எனக்கு 37 நிமிடம் வருகிறது. ஆழமில்லாத கடலின் அழகை நான் கண்டுபிடித்தது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான். இறாலும் கோபியும் அதற்கப்புறம் வந்தவை.

பொய் பிடிபட்டது புதுச்சேரியில். கரைக்கு அப்பால், 18 மீட்டர் ஆழத்தில், கான்கிரீட்டும் பிறவும் போட்டு உண்டாக்கிய செயற்கைத் திட்டு. தண்ணீர் அன்று கலங்கலாக இருந்தது. டைவ் மாஸ்டர் கேட்டபோது வழக்கம்போல 100 காட்டினேன். அவர் நம்பி இன்னும் தள்ளிக் கூட்டிப்போனார். நங்கூரக் கயிற்றுக்குத் திரும்புவதற்குள் முள் 30க்குக் கீழே வந்துவிட்டது. அப்போதுதான் முஷ்டியை நெஞ்சில் வைத்து, காற்று தீர்கிறது என்று காட்டினேன். அவர் மீட்டரைப் பிடித்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆக்டோபஸ் என்று நாங்கள் சொல்லும் மஞ்சள் நிற உபரி ரெகுலேட்டரை நீட்டினார். ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும் என்ற விதியை அவருடைய சிலிண்டரின் காற்றைக் குடித்தபடி நிறைவேற்றினேன். அந்த மூன்று நிமிடமும் என் ஜாக்கெட் வாரை அவர் விடவில்லை. படகில், யாருக்கும் கேட்காத குரலில், "அக்கா, பொய் சொல்றதா இருந்தா கரையில சொல்லுங்க" என்றார். என்னைவிட இருபது வயதாவது இளையவர்.

என் நுரையீரல் பெரிசும் இல்லை, ஒன்றும் இல்லை. பயம். கீழே போனதும் மூச்சை மேலோட்டமாக, படபடவென்று இழுக்கிறேன். உள்ளே கரியமிலவாயு சரியாக வெளியேறாமல் தங்குகிறது, உடம்பு இன்னும் வேகமாக இழுக்கச் சொல்கிறது. மிதந்து போய்விடுவேனோ என்று இடுப்பில் இரண்டு கிலோ ஈயம் கூடுதலாகக் கேட்டு வாங்குவேன். அந்த எடையைச் சமாளிக்க ஜாக்கெட்டில் காற்றடிப்பேன், உப்பிய ஜாக்கெட்டை இழுத்துக்கொண்டு கையையும் வீசி நீந்துவேன். எல்லாம் சிலிண்டரிலிருந்துதான் போகிறது. இத்தனை வருஷம் கழித்தும் தண்ணீருக்குப் பயப்படுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால் கையால் பொய் சொன்னேன், அந்தக் கம்ப்ரெசர் பையன்மேல் பழி போட்டேன். அடுத்த பருவத்தில் அவன் அங்கே இல்லை, வேறு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்க நான் இன்னும் தேடிப் போகவில்லை. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

காற்று சீக்கிரம் தீர்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், படகு கிளம்பும் முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். ஆழம் குறைந்த இடத்தில், உங்களைப்போலவே இழுக்கிற ஒருவரோடு ஜோடி போட்டுவிடுவார்கள். கேட்டால் சில இடங்களில் 15 லிட்டர் சிலிண்டர் கிடைக்கும். தூக்குவதற்குக் கனம், வாடகையும் கூடுதல். நான் அதைத்தான் வாங்குகிறேன்.