மேட்டில் வீடு, பள்ளத்திற் காடு

ஆறு என்பது யாழ்ப்பாணத்தாராகிய நமக்குப் பெரும்பாலும் புத்தகத்திற் படித்த பொருள். மாரியில் மாத்திரம் நீரோடும் வழுக்கியாற்றைத் தவிர வேறாறு அறியாத சமதரையிற் பிறந்து வளர்ந்தவன் நான். ஆதலின், சென்ற ஆண்டு மே மாதத்தில், கனடாவின் ரொறன்ரோ மாநகரில் வாழும் என் மகளின் வீட்டை அடைந்த மறுநாட் காலை, பின்கதவைத் திறந்தவுடன் சிறிது திடுக்கிட்டேன். புற்றரை இருந்தது; வேலி இருந்தது; வேலிக்கு அப்பால் நிலத்தைக் காணவில்லை! ஓங்கி வளர்ந்த மரங்களின் உச்சிகள் என் கண்மட்டத்தில் அசைந்துகொண்டிருந்தன. ஒரு கிளையில் இருந்த பறவைக் கூட்டை மேலிருந்து குனிந்து பார்க்கும் பாக்கியம் எழுபது வயதில் எனக்குக் கிட்டியது.

அவ்விடத்திற்குச் சீடர்வேல் என்று பெயர். எக்ளிண்டன் வீதிக்கும் சென் கிளேயர் வீதிக்கும் இடையே, செங்கல் வீடுகளும் முதிர்ந்த நிழல்மரங்களும் நிறைந்த பழைய குடியிருப்பு அது. எழுத்தாளர் ஏர்னெஸ்ற் ஹெமிங்வே பத்திரிகை நிருபராக இருந்த இளம்பருவத்தில், 1923ஆம் ஆண்டளவில், இதன் அருகேயுள்ள பதேர்ஸ்ட் வீதியிலே குடியிருந்தார். குடியிருப்பை ஊடறுத்துச் செல்கிறது ஓர் ஆழ்ந்த ஓடைப் பள்ளம். படிகளில் இறங்கிச் சில நிமிடம் நடந்தால், மேலே மோட்டார் வண்டிகள் இரையும் நகரம் இருப்பதே மறந்துவிடும். நாணல் அடர்ந்த சதுப்பு, அதில் வாத்துக்கள், ஓடிப் பயிலும் இளைஞர், நாயைப் பிடித்துச் செல்லும் முதியோர்; தலைக்கு மேல் இரு கரைகளையும் இணைக்கும் நடைபாலம். இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. காலின் கீழே, மண்ணுக்குள், சுரங்க ரயில் ஓடுகிறது! பள்ளத்தை ஆக்கிய ஓடையோ குழாய்க்குள் அடைக்கப்பட்டு விட்டது. காசில் பிராங்க் ஓடை என்னும் அதன் பெயர் இன்று பழைய படங்களிலேதான் வாழ்கிறது.

இத்தகைய பள்ளங்கள் ரொறன்ரோவில் ஒன்றிரண்டல்ல. பன்னீராயிரம் ஆண்டுகளின் முன் பனிப்பாறைகள் பின்வாங்கிய பின்னர், ஒன்ராறியோ ஏரியை நோக்கிப் பாய்ந்த ஆறுகளும் ஓடைகளும் மென்மையான மண்ணை அரித்து அரித்து இவற்றை வெட்டின. நகரத்தின் நிலப்பரப்பில் நூற்றுக்குப் பதினேழு பங்கு, ஏறக்குறைய 11,000 ஹெக்ரேயர், பள்ளநிலமே. அதில் ஐந்தில் மூன்று பங்கு பொதுவுடைமை. ஏனைய இரு பங்கு தனியாருக்குரியது. ஸ்காபறோவில் ஹைலண்ட் கிறீக்கின் கரையருகே வாழும் நம்மவர் பலரும், தாம் அறிந்தோ அறியாமலோ, இத்தகைய சரிவொன்றின் அயலவரே.

இவ்வளவு விலைமதிப்புள்ள மண் வீடாகாமல் எவ்வாறு தப்பியது என்று மருமகனிடம் வினவினேன். அவர் சொன்னதைக் கேட்டபோது பள்ளத்தின் அழகு எனக்குச் சற்று வேறாகத் தோன்றியது. 1954ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் இரவு ஹேஸல் என்னும் சூறாவளி வந்தது. ஹம்பர் ஆறு பெருகி, அதன் தாழ்ந்த கரையிலிருந்த றேமோர் வீதியின் ஒரு பகுதியை வீடுகளோடு அடித்துச் சென்றது. அந்த ஒரு வீதியில் மாத்திரம் இறந்தோர் 35 பேர்; ஒன்ராறியோ மாகாணம் முழுவதிலும் 81 பேர். அதன் பின்னரே வெள்ளம் பாயும் தாழ்நிலங்களில் வீடு கட்டுவது தடுக்கப்பட்டது. 1957இல் அமைந்த நீர்நிலப் பாதுகாப்புச் சபை அந்நிலங்களை வாங்கத் தொடங்கியது. றேமோர் வீதியில் வீடுகள் நின்ற இடம் இன்று பூங்கா. நாம் பிள்ளைகளை விளையாடவிடும் புல்லின் அடியில் அந்த இரவு கிடக்கிறது.

சீடர்வேல் தப்பிய கதை வேறு. இங்கே வரவிருந்தது வெள்ளமன்று, பெருந்தெரு. ஸ்பெடைனா விரைவுச்சாலையை இப்பள்ளத்தின் வழியாகவே நகரின் நடுவுக்குக் கொண்டுசெல்லத் திட்டமிட்டிருந்தனர். அயலிலுள்ள மக்கள் எதிர்த்தெழுந்தனர். நியூயோர்க்கிலிருந்து 1968இல் குடிபெயர்ந்து வந்த நகரவியல் அறிஞர் ஜேன் ஜேக்கப்ஸ் அம்மையாரும் அவர்களோடு நின்றார். 1971 ஜூன் 3ஆம் நாள், மாகாண முதல்வர் வில்லியம் டேவிஸ் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார். கட்டப்பட்ட துண்டு எக்ளிண்டன் வீதியில் வந்து முட்டி நிற்கிறது. மாலை வேளைகளில் அங்கே வாகனங்கள் நிரையாய் நின்று புகைவதைப் பார்த்தேன். அவற்றில் இருப்போர் அந்தத் தீர்ப்பை வாழ்த்துவார்களோ என்பது ஐயமே. ஆனால் பள்ளத்திற்கு ரயில் மாத்திரம் வந்தது, அதுவும் மண்ணுக்குள்.

இனி என் குற்றத்தைச் சொல்லவேண்டும். ஒருநாள் மகள், வளவில் மண்டியிருந்த ஐவி என்னும் படர்கொடியைப் பிடுங்கிக் குவித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். இலைகுழையை வீணாக்காமல் தோட்டத்து மண்ணிற் புதைத்தே பழகிய கை என்னுடையது. குவியலை அள்ளி, வேலிக்கு மேலால், பள்ளத்துச் சரிவிலே கொட்டினேன். காட்டுக்கு உரமிட்ட திருப்தியோடு திரும்பியபோது, அயல்வீட்டு மூதாட்டி தம் வாயிலில் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே குடியிருப்பவர். விரைவுச்சாலைக்கு எதிராகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர்களுள் ஒருவர்.

“ஐயா, மன்னிக்க வேண்டும். அந்தக் கொடி கீழே வேர்விட்டு முழுச் சரிவையும் மூடிவிடும்” என்றார் மெல்ல.

எனக்கு முகம் கறுத்துவிட்டது. பள்ளத்துச் சரிவில் மண்ணோ குப்பையோ கொட்டுவதும், அனுமதியின்றி எந்த மரத்தை வெட்டுவதும், அது தன் சொந்த வளவில் நின்றாலுங்கூட, 2002ஆம் ஆண்டின் நகரசபைச் சட்டப்படி குற்றம் என்பதைப் பின்னரே அறிந்தேன். மறுநாள் மருமகனும் நானும் இடுப்பிற் கயிறு கட்டாத குறையாகச் சரிவில் இறங்கி, கொட்டியதை ஒரு கொடியும் விடாமற் பொறுக்கி எடுத்தோம்.

அப்போதுதான் அம்மையார் மற்றொன்றையும் காட்டினார். நாங்கள் நின்ற சரிவில் மரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றின் கீழே புல்லுமில்லை, பூண்டுமில்லை. வெறும் மண். மழை பெய்யும்போதெல்லாம் அது கரைந்து ஓடுகிறது. காரணம் நோர்வே மேப்பிள் என்னும் ஐரோப்பிய மரம். எல்ம் மரங்கள் நோயால் அழிந்த காலத்தில், நகரமெங்கும் நிழலுக்காக நட்டது இதனை. உப்பையும் புகையையும் தாங்கும், விரைவில் வளரும். அதன் சிறகு முளைத்த விதைகள் வீட்டு முற்றங்களிலிருந்து காற்றிற் பறந்து பள்ளத்தில் இறங்கின. தன் அடர்ந்த நிழலில் மற்றைய கன்றுகளை எழும்பவிடாது. தன் கன்றுகள் மாத்திரம் அந்நிழலிலும் பிழைத்துக்கொள்ளும். இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள் என்றார் அவர். ஒடித்தேன், எருக்கிலையிற்போல் வெண்பால் கசிந்தது. கனடாவுக்குரிய சீனிமேப்பிளின் காம்பில் அவ்வாறு பால் வராது. 2012இல் வெளிவந்த இருபது டொலர்த் தாளில் உள்ளதும் நோர்வே மேப்பிளின் இலையே என்று ஒரு தாவரவியலாளர் சொல்லப்போய்ப் பெரிய வாதம் மூண்டதாம். அது எம்மரத்து இலையுமன்று, கற்பனை வடிவம் என்று வங்கி மறுத்துவிட்டது.

மேலே திரும்பிவந்து மகளின் புற்றரையைப் பார்த்தேன். நடுவில் குடைவிரித்து நின்றது ஒரு பெருமரம். அதன் நிழலில் இருந்தே நான் நாள்தோறும் தேநீர் அருந்தினேன். இலையொன்றைக் கிள்ளினேன். பால்!

அன்றிரவு வீட்டிற் பெரிய விவாதம். அனுமதி பெற்று வெட்டிவிட்டு உள்ளூர் மரம் ஒன்றை நடுவோம் என்றார் மருமகன். இந்த நிழலுக்காகவே இவ்வீட்டை வாங்கினேன், வெட்டவிடமாட்டேன் என்றாள் மகள். என் கருத்தைக் கேட்டார்கள். இலைகுழையே சரியான இடத்திற் கொட்டத் தெரியாதவன் நான், என்ன சொல்வேன்? புதிய கன்று நிழல்தர இருபது ஆண்டாகும் என்பதும் எனக்குத் தெரியும். அந்நிழலில் நான் இருக்கப்போவதில்லை என்பதும் தெரியும். மெளனமாயிருந்தேன்.

ஒக்டோபரில் நான் புறப்படும் வேளை, பள்ளத்திலுள்ள சீனிமேப்பிள்கள் செந்தணலாய்ச் சிவந்து இலை உதிர்த்துவிட்டன. நோர்வே மரங்கள் மாத்திரம் இன்னமும் பச்சையாக நின்றன. எது எங்கே எத்தனை என்பதை வேலியில் நின்றே எண்ணிவிடலாம்போல் இருந்தது. எண்ணத் தொடங்கி, நாற்பதில் விட்டுவிட்டேன். மகளின் மரத்திலிருந்து விதைகள் சுழன்று சுழன்று விழுந்தன. என் பேத்தி, நகரசபை எடுத்துச்செல்லும் பழுப்புக் கடதாசிப் பையொன்றை இழுத்துவந்து, புல்லில் முழந்தாளிட்டு அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மப்பா, வேலிக்குக் கிட்டக் கிடக்கிறதை நீங்கள் எடுங்கோ” என்றாள்.

விமான நிலையம் செல்ல இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. குனிந்தேன்.