மூன்று புள்ளிக் கேள்வி

அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களிடம் ‘ஹுபுங்கான் எத்னிக்’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்போது இன உறவுகளைப் பற்றிய கட்டாயப் பாடமாக இருந்தது அது. கணக்கியல் மாணவரோ பொறியியல் மாணவரோ, அதில் தேறாமல் அன்று பட்டம் வாங்க முடிந்ததில்லை. ஆனாலும் அதற்கென்று யாரும் கண்விழித்துப் படித்ததில்லை. மூத்த மாணவர்களின் குறிப்பை நகல் எடுப்பார்கள், மனப்பாடம் செய்வார்கள், எழுதி முடித்து மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே மறந்துவிடுவார்கள். 2011இல் எங்கள் வகுப்பிலும் இதே வழக்கம்தான்.

பாடநூலுக்கு ஒரு முன்கதை உண்டு. 2006இல் ஒரு பல்கலைக்கழகம் வெளியிட்ட வழிகாட்டி நூல், கம்போங் மேடான் கலவரத்தைப் பற்றி எழுதிய விதத்தால் பெரும் சர்ச்சையாகி மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு பேராசிரியர் ஷம்சுல் அம்ரி பஹாருடின் தலைமையில் ஒரு குழு எழுதிய நூல் 2007இல் வந்தது. நாங்கள் படித்தது அதைத்தான். பல கைகள் பட்டு, பல கண்கள் பார்த்து வந்த நூல் என்பதால் ஒவ்வொரு வரியும் யார் மனமும் நோகாதபடி நடக்கும். அதுவே அதைப் படிக்கத் தூக்கம் வரவும் காரணம் என்பது என் எண்ணம்.

எங்கள் குழுவில் நான்கு பேர். கிளந்தானிலிருந்து வந்த மலாய்த் தோழி, ஈப்போ சீன நண்பர், சபா ரானாவைச் சேர்ந்த டூசுன் தோழி, பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த நான். நூலகத்தின் கலந்துரையாடல் அறையில் பாடங்களைப் பங்கு போட்டோம். இந்தியர் பகுதி தானாகவே என் பக்கம் தள்ளப்பட்டது. சபா தோழிதான் தடுத்தாள். “படிவங்களில் நான் எப்போதும் ‘லாயின்-லாயின்’தான். இங்கேயும் என்னை நானே விளக்கிக்கொண்டு உட்கார முடியாது. அவரவர் இனத்தை அவரவர் படிக்கக் கூடாது” என்றாள். இந்தியர் பகுதி கிளந்தான் தோழிக்கும், சபா, சரவாக் பகுதி எனக்கும் வந்தன. இன்றைக்கு இந்த மாதிரிப் பாடம் படிக்கும் தம்பி தங்கைகளிடம் நான் சொல்லும் ஒரே யோசனை இதுதான். பகுதிகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

கலைச்சொற்கள் சுலபமாக முடிந்தன. செக்ரெகாசி, அகோமோடாசி, அகுல்துராசி, அசிமிலாசி, அமால்காமாசி. ஒரு ‘செ’, நான்கு ‘அ’ என்று நண்பர் மனத்தில் பதிய வைத்தார். மலாக்கா செட்டிகள் மலாய் பேசி, சேலைக்குப் பதில் கெபாயா அணிந்து, இந்துக்களாகவே வாழ்கிறார்களே, அவர்களை எந்த ‘அ’வில் போடுவது என்று அரை மணி நேரம் சண்டை போட்டதுதான் மிச்சம்.

சிக்கல் ‘ஸ்டீரியோதைப்’ என்ற சொல்லில் வந்தது. மூன்று உதாரணம் தருக என்கிறது கேள்வி. நான்கு பேரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கடைசியில், தன் இனத்தைப் பற்றித் தான் கேட்டதைத் தானே எழுதுவது என்று முடிவானது. நான் ‘குடி, குண்டர் கும்பல்’ என்று எழுதினேன். நண்பர் ‘பணம், பணம்’ என்றார். சபா தோழி ‘மரத்தின் மேல் வீடா?’ என்று எழுதியதும் எல்லாரும் சிரித்துவிட்டோம். கிளந்தான் தோழியின் தாளில் ‘சோம்பேறி’ என்ற ஒரே சொல்.

அவள் சும்மா விடவில்லை. மறுநாள் சையத் உசேன் அலத்தாஸ் 1977இல் வெளியிட்ட ‘சோம்பேறிப் பூர்வகுடி என்னும் கட்டுக்கதை’யின் மலாய்ப் பதிப்பை நூலகத்திலிருந்து எடுத்து வந்தாள். சொந்த நிலமும் வயலும் இருந்த மலாய்க்காரர்கள் வெள்ளைக்காரன் தோட்டத்தில் கூலிக்கு வர மறுத்தார்கள். அந்த மறுப்புக்கு வைக்கப்பட்ட பெயர் சோம்பல் என்று அதில் இருந்தது. அப்படியானால் தோட்டத்துக்கு ஆள்? தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களைத் துரைமார்கள் ‘சொன்னபடி கேட்பவர்கள்’ என்று எழுதி வைத்தார்கள். அவள் தாத்தாவைத் திட்டிய பேனாவும் என் கொள்ளுத்தாத்தாவைப் பாராட்டிய பேனாவும் ஒன்றுதான். பாராட்டுத்தான் எனக்கு அதிகம் உறுத்தியது.

அன்று மாலை அவள் தன் பகுதியை ஒப்பித்தாள். இந்தியத் தொழிலாளர் மலாயாவுக்கு வந்த காரணங்கள், மூன்று புள்ளி. ஊரில் வறுமை, இங்கே ரப்பர், இரண்டு இடத்திலும் ஒரே ஆட்சி. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது, கங்காணி முறை 1938இல் நின்றது. ஒரு தப்பும் இல்லை. பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, “உன் வீட்டில் முதலில் வந்தது யார்? இந்த மூன்றில் எந்தக் காரணம்?” என்று கேட்டாள்.

கொள்ளுத்தாத்தா கங்காணியோடு வந்தவர். பாட்டி நான்கு வயதில், 1937இல் கப்பலேறியவர். ரப்பர் மரத்தோடு ரப்பர் மரமாக நாற்பது ஆண்டு பால் வெட்டியவர். சொல்லிக்கொண்டே வந்த நான், பாட்டிக்கு இன்னும் சிவப்பு அடையாளக் கார்டுதான் என்பதையும் சொன்னேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிவப்புக் கார்டு என்றால் நேற்று வந்தவர்களுக்கு என்றே அவள் நினைத்திருந்தாள். “ஏன் விண்ணப்பிக்கவில்லை?” என்றாள்.

குற்றம் சாட்டும் கேள்வி இல்லை அது. எனக்குப் பதில்தான் தெரியாது. அங்கேயே அம்மாவுக்குப் போன் போட்டேன். “விண்ணப்பிக்க டவுனுக்குப் போனா அன்னைக்குக் கூலி போயிடும்மா. ரெண்டு தடவை போனாங்க. மலாய்ல கேள்வி கேட்டாங்களாம், பாட்டிக்கு வாய் வரலையாம். அப்புறம் போகல” என்றார் அம்மா. மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னேன். யாரும் குறிப்பு எடுக்கவில்லை. நண்பர் போய் நாலு தே தாரேக் வாங்கி வந்தார்.

அந்த மூன்று புள்ளிக் கேள்வி தேர்வில் வரவே இல்லை. நால்வரும் ‘ஏ’ வாங்கினோம்.

அந்தத் தீபாவளிக்கு அவள் பந்திங் வந்தாள். பாட்டி பேசியது பசார் மலாய், அவள் பேசியது கிளந்தான் மலாய். மலாயிலிருந்து மலாய்க்கு நான் மொழிபெயர்த்தேன். முறுக்கு டப்பா காலியாகும்வரை இருவரும் விடவில்லை.

பாட்டி 2014இல் காலமானார். துக்கம் விசாரிக்கக் கோத்தா பாருவிலிருந்து அழைத்தவள், கடைசியில் தயங்கித் தயங்கி, கார்டு மாறியதா என்று கேட்டாள். சிவப்புதான் என்றேன்.