எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க?

ஊரில் இருக்கும் உறவுகளுக்கு, சிங்கப்பூரிலிருந்து.

வொர்க் பர்மிட்டை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்குக் கிளம்புகிறவர்களைப் பற்றி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தேக்கா, லெம்பு ரோடு பக்கம் நடந்தால் இந்தப் பேச்சு காதில் விழும்: “போதும்ணே. புள்ளை காலேஜ் முடிச்சிருச்சு. இனி ஊரோட இருந்துடலாம்னு பாக்குறேன்.” சந்தோஷமாகத்தான் போகிறார்கள். அவர்களில் சிலரை ஒரு வருஷம் கழித்து அதே இடத்தில், வேறு கம்பெனிச் சட்டையில் பார்க்கிறேன். கேட்டால் முதலில் பணக்கஷ்டம் என்பார்கள். டீ குடித்து முடிப்பதற்குள் மீதியும் வந்துவிடும்: “வீட்ல எனக்கு ஒரு வேலையும் இல்லண்ணே.”

இதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் இருபது வருஷம் உழைத்தவருக்குத் தெரிந்தது லீவில் பார்த்த ஊர் மட்டும். ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை திருச்சியில் வந்து இறங்குவார். அன்று கறிக்குழம்பு, மறுநாள் குலதெய்வம், பிறகு மாமியார் வீடு, காதுகுத்து, கல்யாணம். எதிர்ப்படுகிறவர்கள் “எப்ப வந்தீங்க?” என்பார்கள், அடுத்த மூச்சில் “எப்பப் போறீங்க?” அந்த ஒரு மாதம் பிள்ளைகள் அடங்கி இருப்பார்கள், மனைவி கவலை எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். டார்மிட்டரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர் ஏங்கியது அந்த ஊருக்காக.

ஒரேயடியாக வந்த பிறகு இரண்டாம் மாதம்தான் உண்மையான வீடு தெரிய ஆரம்பிக்கிறது. ரேஷன், பள்ளிக் கட்டணம், நகைக் கடன், மோட்டார் ரிப்பேர் எல்லாவற்றையும் இத்தனை காலம் ஒற்றை ஆளாகச் சுமந்தவர் மனைவி. எந்த வயல் யாருக்குக் குத்தகை, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கணவர் ஏதாவது கேட்டால், “அது உங்களுக்குப் புரியாது, விடுங்க” என்று பரிவாகத்தான் சொல்கிறார். கேட்டவருக்கு அது தைத்துவிடுகிறது. அறையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு படுத்துப் பழகியவருக்குத் தனி அறையில் தூக்கம் பிடிப்பதில்லை. தெருவில் “எப்பப் போறீங்க?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லச் சங்கடப்பட்டு, வெளியே போவதையே குறைத்துக்கொள்கிறார்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பல வீடுகளில் இது தெரியாது. சிங்கப்பூரில் சிபிஎஃப் சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வொர்க் பர்மிட்காரருக்குக் கிடையாது. அவருக்காக முதலாளி அரசுக்குக் கொடுக்கும் 5,000 வெள்ளிப் பிணையிலும் அவருக்குச் சல்லிக்காசு வராது. துபாயில் வேலை பார்த்தவருக்காவது, முதல் 5 வருஷங்களுக்கு வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும், அதற்கு மேற்பட்ட வருஷங்களுக்கு 30 நாள் சம்பளமும் பணிக்கொடையாகச் சட்டப்படி உண்டு. இங்கிருந்து வருகிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் கடைசிச் சம்பளமும் கம்பெனி எடுத்துக் கொடுத்த டிக்கெட்டும்தான். சம்பாதித்ததெல்லாம் வீடாகவும் தங்கையின் கல்யாணமாகவும் முன்பே ஊருக்கு வந்துவிட்டது. வந்த வாரமே கைமாற்றுக் கேட்டு வாசலில் நிற்காதீர்கள், தயவுசெய்து.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பெல்லாம் நம் ஊர்த் தொழிலாளி திறன் நிலையைப் பொறுத்து 14 முதல் 26 வருஷம் வரைதான் இங்கே வேலை செய்யலாம். 2025 ஜூலை 1 முதல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். வயது உச்சவரம்பும் 63 ஆகிவிட்டது. சட்டம் குறித்துக் கொடுத்த தேதியை இனி அவரவரே குறிக்க வேண்டும். தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, உடம்பு விட்டுப்போன பிறகு வந்து சேர்கிறவர்கள் கூடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

திரும்பி வருகிறவருக்குச் சோற்றைவிட வேலை முக்கியம் என்பதை நம் அரசு ஒரு காலத்தில் உணர்ந்திருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் நீலகிரியில் அரசே தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான இன்றைய டேன்டீ அப்படிப் பிறந்தது. அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. ஆனாலும் கப்பல் கப்பலாக வந்ததால் கண்ணில் பட்டார்கள். விமானத்தில் ஒற்றை ஆளாக வந்து இறங்குகிறவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கேரளம் 1996-இலேயே வெளியே வாழும் கேரளத்தவருக்காக நோர்க்கா என்று தனித்துறை தொடங்கியது. திரும்பி வந்து தொழில் தொடங்குகிறவர்களின் 30 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு வங்கிக் கடனோடு 15 சதவீத மூலதன மானியமும் அங்கே கிடைக்கிறது. நம்மிடமும் அயலகத் தமிழர் நல வாரியம் இருக்கிறது. ஜனவரி 12-இல் அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறோம். அந்த மேடையில் நான் வைக்க விரும்பும் கோரிக்கை ஒன்றே. பதினைந்து வருஷம் கிரேன் பக்கத்தில் நின்று பல டன் இரும்பைப் பத்திரமாக இறக்கிய லிஃப்டிங் சூப்பர்வைசர், ஊரில் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறார். முன் அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டுத் திறன் பயிற்சித் திட்டங்களில் ஏற்கெனவே உண்டு. அதைத் திரும்பி வருகிறவரின் மாவட்டத்துக்கே கொண்டுவாருங்கள்.

வீட்டு வேலைக்கு இங்கே வந்து ஊர் திரும்பும் பெண்களின் நிலை இன்னும் கடினம். அம்மாச்சியிடம் வளர்ந்த பிள்ளை, காய்ச்சல் வந்தால் அம்மாச்சி மடியைத்தான் தேடுகிறது. அந்தத் தாய் யாரைக் கோபித்துக்கொள்வார்?

சில காரியங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. திரும்பி வருகிறவர் கிளம்புவதற்கு ஆறு மாதம் முன்பே வீட்டு வரவு செலவை முழுதாகச் சொல்லிவிடுங்கள், கடனையும் சேர்த்து. வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ வங்கிக் கணக்கு இருந்தால், வந்ததும் உள்நாட்டுக் கணக்காக மாற்றச் சொல்லுங்கள். முதல் வருஷம் கடை கிடை என்று பெரிய முதலில் இறங்க விடாதீர்கள். வீட்டில் ஏதாவது ஒரு பொறுப்பை முழுசாக அவரிடம் விட்டுவிடுங்கள். தப்பாகச் செய்தாலும் பறித்துக்கொள்ளாதீர்கள். அறந்தாங்கிப் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். பணம், நகை, பள்ளிக்கூடம் எல்லாம் வழக்கம்போல மனைவியிடமே இருந்தன. குத்தகைக்கு விட்டிருந்த வயலை மட்டும் அவர் மீட்டுக் கணவரிடம் கொடுத்தார். முதல் போகத்தில் கைநஷ்டம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமீபத்தில் அந்தக் கணவருக்குப் போன் போட்டேன். சம்பாவுக்கு நாற்று விடும் அவசரத்தில் இருந்தார். “அண்ணே, ராத்திரி கூப்பிடுறேன்” என்று வைத்துவிட்டார்.