சுவருக்கு அப்பால் ஓர் இரைச்சல்



வீடு கட்டுவதைக் குற்றமென்று எவரும் கூறார். ஆயினும் ஒருவருக்குக் கூரை எழும்புகையில் அடுத்த வீட்டாரின் தலைக்குள் சம்மட்டி விழுகின்றதே, அதைக் குறித்துச் சற்றுச் சிந்திப்போமா?

சேலம் மாநகர மக்களுக்கு இவ்வோசை புதிதன்று. ஐந்து ரோடு வழியே ஈரடுக்கு மேம்பாலம் எழும்பி 2020 ஜூனில் திறக்கப்பட்டது. பழைய பேருந்து நிலையம் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டு 2023இல் திறப்பு விழாக் கண்டது. அரசுப் பணிக்காவது திறப்பு நாள் என்று ஒன்று உண்டு. தெருவுக்குள் நிகழும் கட்டுமானத்திற்கோ முடிவே இல்லை. ஒரு வீடு முடிந்தால் எதிர்வீடு தொடங்கிவிடும்.

நான் பாடம் நடத்தும் மதரஸாவின் சுவரையொட்டிச் சென்ற ஆண்டு ஒரு மாடி வீடு எழுந்தது. மக்ரிபுக்குப் பின் பிள்ளைகள் ஓத அமரும் வேளையில்தான் அங்கே டைல்ஸ் அறுக்கும் இயந்திரம் அலறும். சிறுவன் ஒருவன் 'ஸீன்' எழுத்தையும் 'ஸாத்' எழுத்தையும் பிரித்து ஒலிக்கிறானா என்பதைச் செவி ஒன்றினால்தானே அறிய முடியும்?

காவல் நிலையம் செல்வோம் என்றனர் சிலர். சட்டம் நம் பக்கம் இல்லாமலும் இல்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரம்பு கட்டியுள்ளன. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புகளில் ஓசை எழுப்பும் கட்டுமான இயந்திரங்களை இயக்கலாகாது என்று 2010இல் திருத்தமும் வந்தது. நள்ளிரவில் திருச்செங்கோட்டு ரிக் வண்டியை வரவழைத்துப் போர்வெல் இறக்குவோர் இதனைக் கவனிப்பார்களாக. (அதே விதிகள்தாம் நம் ஒலிபெருக்கிகளுக்கும். பிறரிடம் பேசப் புறப்படுமுன் நம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் அளவையும் பார்த்துவிடுதல் நலம்.)

எனினும் நான் முதலில் மேஸ்திரியிடமே சென்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "பாய், கல் அறுப்பதைப் பகலிலேயே முடித்துக்கொள்கிறோம். தளம் போடும் நாளில் மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள்" என்றார். அதில் நியாயம் இருந்தது. பாதியில் நிறுத்தி, இறுகிய காங்கிரீட்டின் மேல் மறுநாள் புதுக் கலவை ஊற்றினால் இரண்டும் ஒன்றாய்ப் பிணையாது, நீர் கசியும். ஆகவே நிறுத்தச் சொல்வதினும் விடிந்ததும் தொடங்கச் சொல்வதே முறை. அவ்வாறே செய்தார், அஸருக்குள் வேலை முடிந்தது. அறுக்கும் இயந்திரத்தையும் கட்டடத்தின் மறுபக்கத்திற்கு மாற்றினார். திறந்த வெளியில் தொலைவு இரட்டித்தால் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இடையில் கட்டடமே சுவராய் நின்றதால் எங்களுக்கு அதனினும் மிகுதியாகவே குறைந்தது.

இயந்திரத்தைப் பிடித்திருந்த இளைஞரின் காதுகளில் பழைய பனியன் துணி திணிக்கப்பட்டிருந்தது. நாம் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டு வருந்திய ஓசையை அவர் ஒரு முழத் தொலைவில் நாள் முழுதும் கேட்கிறார். நெடுநாள் இவ்வாறு கேட்டால் செவித்திறன் குறையும்; போனது மீளாது. காதடைப்பான் சில ரூபாய்களுக்குக் கிடைக்கும் பொருள்தான். வீட்டுக்காரரிடம் கூறினேன். மறுநாளே எல்லோருக்குமாக வாங்கி வந்து கொடுத்தார்.